ஒன்பது அடி பத்து அங்குலம்

கிளிநொச்சியில் ஒரு பயிற்சி நிலையத்தில் கணினி மொழி படிக்கப் போன ஆறு மாதமும் நான் ஸ்கந்தபுரத்திலிருந்து காலை ஏழு மணி பஸ்ஸில்தான் போனேன். எங்களுக்குப் படிப்பித்தவர் என்னைவிட இரண்டு வயது இளையவர். பயந்த சுபாவம். பெட்டையள் நாங்கள் சிரித்தால் அவருக்கு வியர்க்கும். ஆனால் நாங்கள் எதை எழுதிக் காட்டினாலும் திரையைப் பார்த்து ஒரே கேள்வியைக் கேட்பார்: "இது என்ன டைப்?"

பத்து என்பதை மூன்று விதமாக எழுதலாம் என்று அவர்தான் காட்டினார். வெறுமனே 10 என்று எழுதினால் அது முழு எண். 10.0 என்றால் தசம எண். மேற்கோள் குறிக்குள் போட்டுவிட்டால் எண்ணே இல்லை, எழுத்து. இரண்டு முழு எண் பத்துகளைக் கூட்டினால் இருபது வரும். இரண்டு எழுத்துப் பத்துகளைக் கூட்டினால் 1010 என்று வந்து நிற்கும். பார்வைக்கு எல்லாம் பத்துத்தான். எது எந்த வகை என்று தெரியாவிட்டால் கணினியிடமே கேட்கலாம். 'டைப்' என்று எழுதி, அடைப்புக்குள் அந்தப் பெறுமதியைக் கொடுத்தால் பதில் வரும்.

எனக்கு அது வேடிக்கையாக இருந்தது. கையில் வைத்திருக்கிற பொருளை என்னவென்று இன்னொருவரிடம் கேட்கிற மாதிரி. சோதனையில் அந்தப் பகுதிக்கு முழுப் புள்ளி எடுத்தேன். எடுத்துவிட்டு மறந்தும் போனேன்.

படிப்பு முடிந்து வேலை தேடிக்கொண்டிருந்தபோது எங்கள் ஊர்க் கமக்கார அமைப்பின், அதாவது விவசாயிகள் சங்கத்தின், தலைவர் ஒருநாள் வீட்டு வாசல் படலையடியில் மோட்டார் சைக்கிளை நிறுத்தினார்.

"பிள்ளை, கொம்பியூட்டர் படிச்சிட்டீராம். குளத்துத் தண்ணிமட்டத்தை ஒவ்வொரு கிழமையும் அறிக்கையா எழுதி எழுதி எனக்குக் கை நோகுது. ஒரு தாளில வடிவா வாறமாதிரி ஏதும் செய்யேலுமோ?"

"ஓம், செய்யலாம்" என்று யோசிக்காமலே சொன்னேன். படித்ததை வைத்து யாராவது என்னிடம் ஒன்றைக் கேட்டது அதுதான் முதல் தடவை.

எங்களுடையது பெரிய குளமில்லை. அதன் தண்ணீரில் நாலு வாய்க்கால் ஓடுகின்றன. குளக்கட்டின் உள்பக்கம், தண்ணீர் திறந்துவிடும் துருசுக்குப் பக்கத்தில், அடியும் அங்குலமும் குறித்த அளவுபலகை ஒன்று தண்ணீரில் நிற்கிறது. அதை வாசிப்பது ஓர் அக்காவின் வேலை. அவா நாயாற்றில் மீன்பிடிக் குடும்பத்தில் பிறந்து, கலியாணம் கட்டி எங்கள் ஊருக்கு வந்தவா. தினமும் காலை ஆறரைக்கு சைக்கிளில் கட்டுக்குப் போய், மட்டத்தைப் பார்த்து, ஒரு கொப்பியில் எழுதுவா. நான் நிரல் எழுதத் தொடங்கியபின் அதையே எனக்குக் குறுஞ்செய்தியாகவும் அனுப்பினா. முதல் நாள் வந்த செய்தி 10.8. பத்து அடி எட்டு அங்குலம் என்று எனக்குத் தெரியும். ஊரில் எல்லோருக்கும் அப்படித்தான் எழுதிப் பழக்கம்.

செய்தி எழுத்தாகத்தான் வரும். எழுத்தை வைத்துக் கோட்டுப்படம் வரைய முடியாது, பெரிது சிறிது பார்க்க முடியாது. அதனால் வந்ததை எண்ணாக மாற்றும்படி ஒரு வரி எழுதினேன். ஒரே ஒரு வரி. நிரல் தடங்கலில்லாமல் ஓடியது. நீலக் கோடு ஒன்று இடமிருந்து வலமாக மெல்ல இறங்கிக்கொண்டு வந்தது. கிழமைக்கொரு தடவை அதைக் கிளிநொச்சியில் அச்செடுத்துத் தலைவரிடம் கொடுத்தேன். அவர் அதை இரண்டு கையாலும் பிடித்துப் பார்த்த விதத்தில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம்கூட வந்தது.

மழைக்காலப் பெரும்போக அறுவடை முடிந்து, கோடைச் சிறுபோகப் பயிருக்கான கூட்டம் வந்தது. எங்கள் குளத்துக்கு ஒரு வழமை இருக்கிறது. கூட்ட நாளில் மட்டம் ஒன்பதரை அடியோ அதற்கு மேலோ நின்றால் நாலு வாய்க்காலுக்கும் சிறுபோகத் தண்ணீர் உண்டு. அதற்குக் கீழே போனால் முதல் மூன்று வாய்க்காலுக்கு மட்டும். நாலாவதுதான் கடைசி. எங்கள் காணி அங்கேதான். மலையகத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பங்கள் பெரும்பாலும் அந்த வாய்க்காலில்தான் இருக்கிறோம். அப்பா கிளிநொச்சியில் ஓர் அரிசி ஆலைக்கு வேலைக்குப் போகிறார். காணியைப் பார்ப்பது அம்மா. அந்த வருடம் அரை ஏக்கரில் கச்சான் கடலை போட விதை எடுத்து, உடைத்து, காயவிட்டு வைத்திருந்தா.

பொதுநோக்கு மண்டபத்தில் ஆட்கள் நிறைந்திருந்தார்கள். மட்டம் வாசிக்கிற அக்கா காலையில் செய்தியை அனுப்பிவிட்டு, சொந்தத்தில் ஒரு கலியாணத்துக்கு வவுனியாவுக்குப் போய்விட்டா. முந்தின வருடங்களில் அவா எழும்பி நின்று கொப்பியைப் பார்த்துச் சொல்வா. இந்தமுறை நான் அச்செடுத்த தாளைத் தலைவர் வாசித்தார்.

"இண்டைக்கு மட்டம் ஒன்பது தசம் ஒண்டு. ஒன்பதரைக்கு மேலயோ எண்ட இடத்தில 'இல்லை' எண்டு கிடக்கு."

யாரோ பின்னாலிருந்து, "கண்ணுக்கு நல்ல தண்ணி தெரியுதே" என்றார்.

"கண்ணுக்கு எப்பவும் அப்பிடித்தான் தெரியும். மெஷின் சொல்லுது" என்று முதலாம் வாய்க்கால் ஐயா ஒருவர் சொன்னார். ஊரில் அவர் சொல்லுக்கு மதிப்பு அதிகம். அதோடு கதை முடிந்தது. மூன்று வாய்க்காலுக்கு மட்டும் என்று எழுதிக் கையெழுத்து வைத்தார்கள்.

உண்மையைச் சொல்கிறேன். அந்த நேரம் எனக்குக் கவலை இருந்தது. ஆனால் என் தாளை வைத்து ஒரு சபை முடிவெடுத்ததே என்கிற சந்தோஷமும் அதற்குள் இருந்தது. அம்மா இரண்டு வரிசை முன்னால் இருந்தா. திரும்பி என்னைப் பார்க்கவில்லை. வீட்டுக்கு வரும் வழியில், "சரி, போவுது. அடுத்த வருசம் பாத்துக்கலாம்" என்று மட்டும் சொன்னா. விதைக் கச்சானை அன்று பின்னேரமே ஒரு சாக்கில் போட்டுக் கட்டி, குசினி மூலையில் வைத்தா.

இரண்டு நாள் கழித்துக் காலையில் அக்காவின் செய்தி வந்தது: 9.9.

போட்டுப் பார்த்தேன். நீலக் கோடு நேரே மேலே எழும்பியது. நேற்றும் முந்தாநாளும் 9.1. இன்று 9.9. மழை பெய்து மாதத்துக்கு மேலாகிறது. கொஞ்சம் பின்னால் போய்ப் பார்த்தேன். கூட்டத்துக்கு முந்தின கிழமை கோடு பத்திலிருந்து 9.11க்கு ஒரே அடியாக விழுந்திருந்தது. அப்போது நான் அதை வெயிலின் தலையில் போட்டிருந்தேன். இப்போது அக்காவின் தலையில் போட்டேன். வவுனியா அலைச்சலில் பிழையாக வாசித்திருப்பா என்று நினைத்து, உடனே அழைத்தேன்.

"அக்கா, கூட்டத்தண்டு அனுப்பின மட்டம் பிழையோ? இண்டைக்கு ஏறிக் கிடக்கு."



"மழை இல்லாமக் குளம் ஏறுமோ, பிள்ளை? கடல்தண்ணி எண்டா ஏறி இறங்கும். இது இறங்கினா இறங்கினதுதான்."

"அப்ப நீங்கள் பாத்ததிலதான் ஏதோ…"

"நான் கண்ணாடி போட்டுத்தான் பாக்கிறனான்." குரல் மாறிவிட்டது. "பிழையெண்டு நினைச்சா நீரே வந்து பாரும். நான் இஞ்ச குளக்கட்டிலதான் நிக்கிறன்."

சைக்கிளை எடுத்துக்கொண்டு போனேன். அவா குளக்கட்டின் மேல் நின்றா. என்னைப் பார்த்துச் சிரிக்கவில்லை. கையை மட்டும் நீட்டி அளவுபலகையைக் காட்டினா. கறுப்பு எழுத்தில் ஒன்பது அடிக் குறி தண்ணீருக்குள் இருந்தது. பத்து அடிக் குறி வெளியே தெரிந்தது. அந்தக் குறிக்குக் கீழே மூன்று சின்னக் கோடுகள் இறங்கின இடத்தில் தண்ணீர் தொட்டுக்கொண்டிருந்தது.

"ஒன்பது அடி ஒன்பது அங்குலம். சரியோ?"

"ஓம்."

கொப்பியைத் திறந்து விரலை வைத்து, பள்ளிக்கூடப் பிள்ளைக்கு வாசித்துக் காட்டுகிற மாதிரி வாசித்தா. "கூட்டத்தண்டு ஒன்பது அடி பத்து அங்குலம். நேற்றும் ஒன்பது அடி பத்து. இண்டைக்கு ஒன்பது அடி ஒன்பது. ஒரு அங்குலம் இறங்கியிருக்கு. இதில எங்கை பிழை?"

கொப்பியில் 9.10 என்று தெளிவாக எழுதியிருந்தது. என் போனை எடுத்துப் பார்த்தேன். அவா அனுப்பிய செய்தியிலும் 9.10 தான். பத்து. ஒன்றுக்குப் பின்னால் பூச்சியம். அந்தப் பூச்சியம் எங்கே போனது?

குளக்கட்டுக் கல்லிலேயே இருந்துவிட்டேன். எங்கே போனது என்று அந்த இடத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. எண்ணுக்கு 9.10ம் 9.1ம் ஒன்றுதான். தசமத்தின் கடைசியில் நிற்கும் பூச்சியத்தை அது வைத்துக்கொள்ளாது.

"அக்கா, பிழை என்னில. உங்களில இல்லை" என்றேன். அவா உடனே இளகிவிடவில்லை. "சரி, வீட்டை போய் வடிவாப் பாத்திட்டு வாரும்" என்றா.

வீட்டில் மடிக்கணினியைத் திறந்து முதலில் அந்தக் கேள்வியைக் கேட்டேன். வந்த செய்தியைக் கொடுத்து 'டைப்' என்றேன். எழுத்து என்றது. என் வரியைத் தாண்டியபின் அதே பெறுமதியைக் கொடுத்துக் கேட்டேன். தசம எண் என்றது. எழுத்தாக இருக்கும்வரை பத்து அங்குலமும் பத்திரமாக இருந்தது. நான் மாற்றிய இடத்தில்தான் ஒன்பது அங்குலத் தண்ணீர் காணாமல் போனது. இரண்டு மாதமாக ஓடுகிற நிரலில் ஒரு நாளாவது இதைக் கேட்டிருந்தால் போதும். நான் கேட்கவேயில்லை. ஓடுகிறது என்பதே எனக்குப் போதுமாக இருந்தது.

ஒன்பது அடி பத்து அங்குலம் என்றால் ஒன்பதரை அடிக்கு மேலே. நாலாம் வாய்க்காலுக்குத் தண்ணீர் உண்டு.

ஆனால் கூட்டம் முடிந்து கையெழுத்து வைத்தபின், நாலாம் வாய்க்காலைச் சேர்ந்த ஒருத்தி போய், என் கணக்குப் பிழை, உண்மையில் எங்களுக்குத் தண்ணீர் வரவேண்டும் என்று சொன்னால் யார் நம்புவார்கள்?

அம்மாவிடம் சொன்னேன். அவா அரிசி புடைத்துக்கொண்டிருந்தா. சுளகை மடியில் வைத்துவிட்டு என்னைப் பார்த்தா.

"சொன்னா என்னா சொல்லுவாங்கன்னு தெரியுமா? இவ ஆளுகளுக்காகக் கணக்க மாத்திட்டாள்னு சொல்லுவாங்க."

"தெரியும்."

"சொல்லலைன்னா?"

"அக்காவில பிழையெண்டு ஆகும். கோடு ஏறினதை நாளைக்கு ஆராவது பாத்தா, அவா மாறி வாசிச்சவா எண்டுதான் நினைப்பினம்."

அம்மா சுளகை மறுபடி எடுத்தா. "அப்ப சொல்லித்தான் ஆவணும். தண்ணி வருதோ இல்லியோ, அந்தப் புள்ள பேரு கெடக்கூடாது. நானும் வாறேன்."

தலைவர் வீட்டு முற்றத்தில் நின்று முழுவதையும் சொன்னேன். சொல்லி முடிக்க அவர் முகம் கறுத்துவிட்டது. "எல்லாரும் கையெழுத்து வைச்சாச்சே, பிள்ளை" என்றார். பிறகு மோட்டார் சைக்கிளில் சாய்ந்து நின்று யோசித்தார். "நாளைக்குப் பின்னேரம் திரும்பக் கூட்டுவம். நீர் வந்து எல்லாருக்கும் முன்னால சொல்லும். எனக்குச் சொன்னமாதிரியே."

அடுத்த நாள் மண்டபத்தில் முதல் நாளைவிடக் கூட்டம். அக்கா கொப்பியோடு முன் கதிரையில் இருந்தா. நான் எழும்பி, "கூட்டத்தண்டு நான் தந்த தாள் பிழை" என்று தொடங்கினேன். எழுத்து, தசம எண் என்று விளக்கப் போனேன். யாருக்கும் விளங்கவில்லை என்பது முகங்களில் தெரிந்தது. பின்வரிசையில் ஒருவர், "இப்ப நாலாம் வாய்க்காலுக்குத் தண்ணி வேணுமாக்கும்" என்று மெல்லச் சொன்னார். மெல்லத்தான் சொன்னார், ஆனால் எல்லோருக்கும் கேட்டது. அம்மா குனிந்துகொண்டா.

முதலாம் வாய்க்கால் ஐயா எழும்பினார். "பிள்ளை, அண்டைக்கு மெஷின் சரியெண்டு நான்தான் சொன்னனான். இண்டைக்குப் பிழையெண்டு நீர் சொல்லுறீர். நாங்கள் எதை நம்புறது?"

மேசையில் திறந்து வைத்திருந்த மடிக்கணினியை அவர் பக்கம் திருப்பினேன்.

"ஐயா, பழைய நிரல் இதில அப்பிடியே இருக்கு. நான் ஒண்டும் மாத்தேல்லை. நீங்களே வந்து ஒரு மட்டம் சொல்லுங்கோ. நான் போடுறன்."

அவர் சந்தேகத்தோடு முன்னால் வந்தார். "பன்னிரண்டு அடி ஒரு அங்குலம்."

12.1 என்று போட்டேன். திரையில் 12.1 வந்தது.

"இப்ப பத்து அங்குலம் எண்டு சொல்லுங்கோ."

"சரி, பன்னிரண்டு அடி பத்து அங்குலம்."

அவர் பார்த்துக்கொண்டிருக்கவே 12.10 என்று போட்டேன். திரையில் 12.1 வந்தது.

அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, திரைக்குக் கிட்டக் குனிந்தார். "திரும்பப் போடும்." போட்டேன். "பதினைஞ்சு அடி பத்து போடும்." 15.1 வந்தது. அவர் நிமிர்ந்து சபையைப் பார்த்தார்.

"உது பத்து அங்குலத்தையும் ஒரு அங்குலத்தையும் ஒண்டெண்டு சொல்லுது! என்ர பேரப்பிள்ளையும் உப்பிடிச் சொல்லமாட்டான்."

மண்டபம் சிரிப்பில் அதிர்ந்தது. எனக்கும் சிரிப்பு வந்தது, கண்ணீரும் வந்தது. சிரிப்பு அடங்கியபின் அக்கா எழும்பினா. யாரும் கேட்காமலே கொப்பியைத் திறந்து, கூட்ட நாளின் மட்டத்தை அடியும் அங்குலமுமாக வாசித்தா. அதோடு நிற்கவில்லை. "நம்பாத ஆக்கள் இப்பவே வாங்கோ, கட்டுக்குப் போவம்" என்றா. பத்துப் பதினைந்து பேர் உண்மையாகவே போனார்கள். அன்று தண்ணீர் ஒன்பது அடி எட்டு அங்குலத்தில் நின்றது. ஒன்பதரைக்கு இன்னும் இரண்டு அங்குலம் மேலே.

திரும்பி வந்து தீர்மானத்தை மாற்றி எழுதினார்கள். நாலு வாய்க்காலுக்கும் தண்ணீர். நாட்கள் கொஞ்சம் போய்விட்டதால் நாலாம் வாய்க்காலில் நெல் வேண்டாம், கச்சானும் பயறும் உளுந்தும் போடலாம், முறை வைத்துத் திறக்கலாம் என்று ஒத்துக்கொண்டார்கள். பின்வரிசையில் முணுமுணுத்தவரும் கையெழுத்து வைத்தார். அக்கா பேனையை மூடி வைத்துவிட்டு என் பக்கத்தில் வந்து, "உம்மில எனக்கு ரெண்டு நாள் கோவம்" என்றா. "இப்ப?" என்று கேட்டேன். "இண்டையோட முடிஞ்சுது" என்று தோளில் ஒரு தட்டுத் தட்டினா.

நிரலைத் திருத்தினேன். வருகிற செய்தியை எழுத்தாகவே வைத்து, புள்ளியில் இரண்டாகப் பிரித்தேன். புள்ளிக்கு முன்னால் இருப்பது அடி, பின்னால் இருப்பது அங்குலம், இரண்டும் தனித்தனி முழு எண்கள். ஒவ்வொரு படியிலும் இது என்ன வகை என்று நிரலே பார்த்துக்கொண்டு போகும். அங்குலம் பதினொன்றைத் தாண்டினால் நின்றுவிடும். திருத்தி முடித்ததும் பயிற்சி நிலையத்தில் படிப்பித்தவருக்கு நடந்ததை எழுதி அனுப்பினேன். அவர் ஒரு சிரிப்புப் படமும், இதை அடுத்த வகுப்புக்கு உதாரணமாகச் சொல்லலாமா என்ற கேள்வியும் அனுப்பினார். என் பெயரைச் சொல்லாமல் சொல்லுங்கோ என்றேன்.

நாலாம் வாய்க்காலுக்குத் தண்ணீர் திறந்த காலை நாங்கள் எல்லோரும் வாய்க்கால் கரையில் நின்றோம். முதலில் வந்தது தண்ணீர் என்றே சொல்லமுடியாது. சருகையும் நுரையையும் தள்ளிக்கொண்டு மண்ணிறத்தில் ஏதோ ஊர்ந்து வந்தது. அம்மா சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, மண்வெட்டியோடு இறங்கி வரம்பை வெட்டிவிட்டா. "இந்தா வந்துருச்சு, வந்துருச்சு" என்று பக்கத்துக் காணிக்காரிக்குச் சத்தம் போட்டா. அம்மா அவ்வளவு சத்தமாகப் பேசி நான் கேட்டதில்லை. அரை ஏக்கரும் நனைய மத்தியானம் ஆகிவிட்டது.

அந்தக் கிழமையே அக்கா என் வீட்டுக்கு வந்தா. நிரலைப் பார்க்கவேண்டும் என்றா. "நான் அனுப்புறதை அது என்ன செய்யுது எண்டு எனக்கும் தெரியோணும்" என்றா. கதிரையை இழுத்துப் போட்டு ஒவ்வொரு வரியாகச் சொன்னேன். தலையை ஆட்டிக்கொண்டே கேட்டா. கடைசியில் ஒரு கேள்வி கேட்டா.

"நான் ஒருநாள் காய்ச்சலா கிடந்து ஒண்டும் அனுப்பாட்டி, உது என்ன நினைக்கும்?"

அனுப்பாத நாளைப் போட்டுப் பார்த்தேன். நிரல் அந்த நாளுக்குப் பூச்சியம் என்று எழுதியது. நீலக் கோடு அடிவரை விழுந்தது. குளத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லையாம்.

அக்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தா. "எனக்குக் காய்ச்சல் வந்தாக் குளம் வத்திப்போமோ?"

"வத்தாது. இருங்கோ அக்கா, அதையும் இப்பவே பாப்பம்" என்றேன். ஒன்றும் இல்லை என்பது வேறு, தெரியாது என்பது வேறு. இரண்டுக்கும் வேறு வேறு வகை இருக்கிறது என்று படித்தது ஞாபகம் வந்தது. அம்மா தேத்தண்ணீர் போட எழும்பினா. அக்கா கதிரையை இன்னும் கிட்ட இழுத்துக்கொண்டு, தன் கண்ணாடியைத் துடைத்துப் போட்டா.